புள்ளிக்கு வராத முகம்

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை. இணையப் பக்கங்கள் எழுதிப் பிழைப்பவள் நான். அவளுக்காக ஒரு தேடல் பக்கம் செய்தேன். இரண்டு எழுத்து தட்டினால் போதும், அந்த எழுத்துகள் உள்ள பெயர்களின் படங்கள் புரொஜெக்டர் வழியே எதிர்ச்சுவரில் மிதந்து வரும். சன்னல் திரையை இழுத்துவிட்டால் மதிய அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆகிவிடும். சித்தப்பா, தங்கை, தங்கை புருஷன் எல்லோரும் சுவரில் வந்து போனார்கள். என் முகம் மட்டும் வரவேயில்லை. என்னை மறந்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது, கோபமாகவும்.

ஒருநாள் அவள் விரல் முற்றுப்புள்ளியில் விழுந்தது. சுவர் முழுக்க முகங்கள். பக்கத்தை நான் எழுதிய கணினி மொழி ஜாவாஸ்கிரிப்ட்; அதில் எழுத்துகளைத் தேடித்தரும் ரீஜெக்ஸுக்குப் புள்ளி என்றால் 'ஏதோ ஓர் எழுத்து'. எந்தப் பெயரில்தான் எழுத்தில்லை? அதன்பின் தினமும் புள்ளிதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் புள்ளியைப் போலவே ரீஜெக்ஸில் தனி அர்த்தமுள்ள கேள்விக்குறியை அவள் தட்டியதும் பக்கமே படுத்துவிட்டது. தொழில் மானம் என்னாவது? ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடும் ரிப்ளேஸ் வரி ஒன்றே ஒன்று எழுதினேன்: இந்த மாதிரிக் குறி எது வந்தாலும் அதன் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, அதை வெறும் குறியாக்கிவிடு.

அம்மா புள்ளியைத் தட்டினாள். புள்ளி இப்போது வெறும் புள்ளிதான், அது எந்தப் பெயரிலும் இல்லை; சுவர் காலியாகவே இருந்தது. மறுபடி தட்டினாள், மறுபடியும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாட்டையும் தொடவில்லை.

"என்னக்கா பண்ணி வச்ச?" என்றாள் தங்கை.

"தப்பைச் சரி பண்ணேன்டி."

"நல்லா சரி பண்ண போ! புள்ளியைப் போட்டுட்டு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டிருந்தாங்க. யாரையோ தேடுறாங்கக்கா."

முணுமுணுத்துக்கொண்டே குறிகளின் வரிசையிலிருந்து புள்ளியை மட்டும் நீக்கினேன். முகங்கள் மெல்லத் திரும்பி வந்தன. அம்மா கடைசி முகம்வரை பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"யாரும்மா வேணும்?"

அவள் விரல் என் நெஞ்சில் குத்தியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோர் படத்துக்கும் பெயர் எழுதியவள், அம்மாவுக்கு என்னைத் தெரியாதா என்ன என்று என் படத்துக்கு மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். எழுத்தே இல்லாத இடத்தில் புள்ளிக்கு என்ன அகப்படும்?

அழுகையை அடக்க முடியாமல் என் படத்தைத் திறந்து, பெயர் எழுதப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். ஒற்றை விரலால், மூச்சு வாங்க, அவளே எழுதினாள்: என் மூத்தது.