ஃப்ரதெல்லோ என்று எழுதியவன்

இத்தாலிய மொழியில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆள்தான்: ஃப்ரதெல்லோ. அக்காவும் தங்கையும் சொரெல்லா. மாமாவும் சித்தப்பாவும் ஸியோ. யார் மூத்தவர், எந்த வழி உறவு என்ற கவலையே கிடையாது. நாம் தாராளமாக அள்ளிக் கொடுக்கும் ஓரிடத்தில் மட்டும் அவர்கள் கையை இறுக்கிக்கொள்வார்கள். இத்தாலியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்த அவனுக்கு அது ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர் உண்டா என்று டாக்டர் கேட்டதும், "நான் இருக்கேன்" என்று மார்தட்டி, படிவத்தில் ஃப்ரதெல்லோ என்று எழுதினான். பத்து நாள் கழித்து ரத்தம் எடுக்கக் கை நீட்டியபோது நர்ஸ் அவன் அம்மாவின் பெயரைக் கேட்டாள். அக்காவின் தாளில் வேறு பெயர் இருந்தது.

"எங்க ரெண்டு பேர் அம்மாவும் அக்கா தங்கச்சி" என்று விளக்கினான். நர்ஸ் அவன் எழுதியதை அடித்துவிட்டு, பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கான குஜீனோ என்ற சொல்லை எழுதினாள். குஜீனோவின் மஜ்ஜை பொருந்துவது அபூர்வமாம். பத்து நாள் பாழ்.

ஒன்றுவிட்ட தம்பி என்று நம்மிடமும் சொல் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அதை ஒருவரைத் தவிர யாரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. அந்த ஒருவர், இத்தாலியிலேயே வேறு ஊரில் இருக்கும் அக்காவின் சொந்த அண்ணன். ஆறு வருடம் முன்பு அவன் அம்மா இறந்ததும் அக்கா தன் வீட்டில் அவனுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள்.

"சித்தி புள்ளை எல்லாம் கூடப்பொறந்தவனாயிடுவானா?" என்றார் அண்ணன்.

"இவன் என் தம்பி. பிடிக்கலைன்னா இந்தப் பக்கம் வராத" என்று அக்கா கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

இப்போது ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கும் ஜன்னலுக்கும் இடையே அவன் குட்டி போட்ட பூனையாக நடந்தான். போனை எடுத்தான், பையில் போட்டான், மறுபடி எடுத்தான். பொறுக்க முடியாமல் அக்காவின் அறைக்குள் போனான்.

"அண்ணாவைக் கூப்பிடட்டுமாக்கா?"

"செத்தாலும் வேண்டாம்டா. அதான் நீ இருக்கல்ல?"

அவன் வெளியே வந்து எண்ணை அழுத்தினான்.

"அண்ணா, நான்தான். நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. நான் கூடப்பொறந்தவன் இல்ல. நீங்க வந்தாத்தான் அக்கா பிழைப்பா." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவ கூப்பிடச் சொன்னாளா?"

"ஆமாண்ணா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

அக்கா பேரில் அவன் சொன்ன முதல் பொய் அது. அண்ணன் விசும்புவது கேட்டது. "அடுத்த ரயில்ல ஏறிடறேன்" என்றார்.

தெரிந்தால் அக்கா அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வீட்டைவிட்டே துரத்தினாலும் துரத்துவாள். துரத்தட்டும். துரத்துவதற்கு அவள் எழுந்து நிற்க வேண்டுமே.