ஆள் இல்லாத குடம்

ஊற்றடியில் விஜயகுமாரி வைத்ததுதான் சட்டம். யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாய் இருந்தது, எடுத்துக்கொண்டாள்.

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகிற சாலையோரம், முந்திரித் தோப்புக்கு முன்னால், மேட்டின் அடியில் கசிகிற ஊற்று அது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தான். விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழும். ஒரு குடம் நிறைய ஆறேழு நிமிஷம் ஆகும். நெய்வேலிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் பைப் இல்லையா என்றால், இருக்கிறது. குளிக்கலாம், துவைக்கலாம். ஆனால் ஊற்றுத் தண்ணீரில் போட்ட பருப்பு பாதி நேரத்தில் வெந்துவிடுகிறது என்று ஒருத்தி சொல்லப்போக, பத்து பிளாக்குப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சட்டம் இதுதான்: குடம்தான் ஆள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நீ எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள், உன் இடத்தை ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஆனால் முறை வருகிறபோது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குடம் கடைசிக்குப் போய்விடும். ஒரு முறைக்கு ஒரு குடம். அடுத்த குடத்துக்கு மறுபடி வாலில்தான் நிற்க வேண்டும். இந்தச் சட்டம் வந்த இரண்டு வருஷத்தில் ஊற்றடியில் ஒரு குடுமிப்பிடிச் சண்டை கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினாலாம் வருஷம், ஆடி மாதக் காலை ஒன்றில், விஜயகுமாரி நாலு குடங்களோடு வந்தபோது வரிசையில் ஐந்தாவதாக ஒரு பச்சைக் குடம் நின்றது. கழுத்தில் சிவப்புப் பெயின்டில் ‘சு.செ.’ என்று எழுத்து. மகன் சுதாகரின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? சுதாகர், செந்தாமரை. அவள் மருமகளின் குடம். குடம் இருந்தது, ஆளைக் காணவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று பதினோரு மாதம். கல்யாணமாகி நாலு வருஷமாக வயிறு திறக்கவில்லையே என்ற ஆற்றாமையில், ஒரு நாள் சொந்தக்காரர்கள் நடுவே விஜயகுமாரி, “பட்ட மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். மறுநாளே சுதாகர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டான். அப்படித் தனியாகப் போன மூணாம் மாதமே செந்தாமரை உண்டாகியிருந்தாள். அந்தச் சேதியைக்கூட விஜயகுமாரி ஊற்றடியில்தான், மூணாவது மனுஷி வாயால் கேட்டாள். இப்போது எட்டு மாதம். அந்தக் குழந்தையை மடியில் வாங்க வேண்டும் என்று அவள் உயிர் அடித்துக்கொண்டது. ஆனால் போய்க் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய், அந்த ஒரு வாசலில் மட்டும் ஒட்டிக்கொண்டது!

“பாரு கனகம், எட்டு மாசத்துல குடம் தூக்க வந்துருக்கறா. அவன் எங்க போனான்?”

பக்கத்துக் குடத்துக்காரி கனகம் சிரித்தாள். “சுதாகருக்கு இந்த வாரம் பர்ஸ்ட் ஷிப்ட்டு அக்கா. தோப்பு பக்கம் ஒதுங்கப் போயிருப்பா, வந்துடுவா.”

பச்சைக் குடத்தின் முறை வந்தது. செந்தாமரை வரவில்லை.

“உன் மருமவ குடந்தான? நீயே புடிச்சு வெச்சுடு அக்கா” என்றாள் கனகம்.

விஜயகுமாரியின் கை குடத்தின் கழுத்துவரை போனது. ஒரு குடம் தண்ணீர் பிடித்துவைத்தால் அதுவே ஒரு பேச்சுதானே, அதிலிருந்து தொடங்கிவிடலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். உடனே இன்னொரு நினைப்பு வந்து அதை மிதித்துவிட்டது. அவள் ஒதுங்கப் போகவில்லை. என்னைப் பார்த்துவிட்டாள். என் முகத்தில் விழிக்கக்கூடாதென்று தோப்புக்குள் நின்றுகொண்டு, நான் போகட்டும் என்று காத்திருக்கிறாள். அவ்வளவு திமிர்!

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்தாள்.

முக்கால் மணி நேரம் போயிற்று. பச்சைக் குடம் மறுபடி முன்னால் வந்தது. ஆள் இல்லை. இப்போது விஜயகுமாரி தோப்பைப் பார்த்துத் திரும்பி, சாலையில் போகிற லாரிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். “ஒளிஞ்சுக்கினு இருந்தா மட்டும் தண்ணி தானா வூட்டுக்கு வந்துடுமா? ராணி மாதிரி நிழல்ல நின்னா நாங்க புடிச்சுக் குடுக்கணுமா? அந்த வேலைக்கு வேற ஆளப் பாரு!” பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குடம் இரண்டாம் தடவை கடைசிக்குப் போனது.

கனகத்துக்குத்தான் என்னவோ போல் இருந்தது. மேட்டைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குள் போனாள். போன வேகத்தில் அலறல் கேட்டது.

“ஐயோ அக்கா! ஓடியா! ஓடியா!”

இருபது அடி இருக்காது. மேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில், முந்திரிச் சருகின் மேல் செந்தாமரை ஒருக்களித்துக் கிடந்தாள். சருகு வழுக்கி விழுந்திருக்கிறாள். ஒரு கால் கணுக்கால் வீங்கி மடங்கியிருந்தது. நைட்டி இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தது. தோளில் போட்டு வந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி ஓடி வந்தாள். சரிவில் தவழ்ந்து இறங்கி மருமகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். “அடிப்பாவி, அடிப்பாவி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரைச் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

108-க்கு யாரோ போன் போட்டார்கள். கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. வண்டியோடு வந்த பெண், செந்தாமரையின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“துடிப்பு இருக்கு. நல்லாவே இருக்கு.”

“ஆத்தா, என் தாயே!” என்று விஜயகுமாரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தை இருக்கிறது. போதும். இனி ஆயிரம் மன்னிப்பு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

செந்தாமரையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்தப் பெண் கடிந்துகொண்டாள். “ஒன்றரை மணி நேரமா வலியோட கெடந்தீங்களா? இத்தினி பேரு பக்கத்துலயே இருக்காங்களேம்மா. ஒரு குரல் குடுக்கக் கூடாதா? வாய் தொறக்க முடியலியா?”

“முடிஞ்சுது” என்றாள் செந்தாமரை. மாமியாரைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை அந்தக் குரலில். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். “கூப்பிடத்தான் வாயத் தொறந்தேன். எங்க அத்தை குரல் கேட்டுச்சு. அதான் துண்ட வாயில வெச்சுக்கினேன்.”

வண்டிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, கூட யார் வருகிறது என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் விஜயகுமாரியைப் பார்த்தார்கள். அவள் ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்தாள்.

“நீ போ கனகம்” என்றாள்.