செத்து எழுந்தால்தான் ஜாம்பி

கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு ஒன்றே ஒன்றுதான். யார் ஜாம்பி, யார் ஜாம்பி இல்லை.

மற்ற வீடுகளில் மாமியார், வாடகை, குறட்டை என்று சண்டை போட ஆயிரம் இருக்கிறது. இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு பேய்ப்படம் போடுவார்கள். படம் முடிந்ததும் உண்மையான படம் ஆரம்பிக்கும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் சட்டமும் அவன் தொழில் மாதிரியே கறார். கரண்ட் மொத்தமாகப் போயிருக்க வேண்டும், பிறகு வந்திருக்க வேண்டும். "செத்து எழுந்தாத்தான் ஜாம்பி. காய்ச்சல் வந்து கடிக்கிறவன் வெறும் நோயாளி. அவனுக்கு ஊசி போடணும், சுடக் கூடாது" என்பான்.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவளிடம் நாடித்துடிப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? "செத்தானா இல்லையாங்கறது யாருக்கு வேணும்? பெத்த பிள்ளை எதிர்ல நிக்குது, யாருன்னே அவனுக்குத் தெரியலை. அவன்தான் ஜாம்பி" என்பாள். சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு படம் அதில் ஏறும். பதினோரு வருடத்தில் ஏழு படம் ஏறியிருந்தது.

இப்போது மெக்கானிக் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தான். அவள் வெளியே, காலில் சக்கரம் கட்டியவள்போல் அலைந்துகொண்டிருந்தாள்.

காத்திருப்போர் அறையில் எட்டு நாற்காலிகள். எட்டிலும் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாய்வரை போவாள், குடிக்காமல் திரும்புவாள். எதிர்ச்சுவர் அறிவிப்பை இருந்த இடத்திலிருந்தே கடைசி வரிவரை படித்தாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தாள், மற்றக் கண்ணையும் சோதித்தாள். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். நாலு மணி நேரம் என்றார்கள். ஐந்தே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"செத்த நேரம் உக்காரேன். எனக்குத் தலை சுத்துது" என்றாள் நாத்தனார். மெக்கானிக்கின் அக்கா. காலையிலிருந்து அவள் இவளை நேராகப் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினார். மூன்று அடைப்பு. இதயத்தை நிறுத்திவிட்டு, மெஷின் மூலம் ரத்தத்தை ஓட்டி, சரிசெய்துவிட்டு மறுபடி கிளப்புவார்கள். ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். வேறு யாராக இருந்தாலும் பிழைப்பேனா என்று கேட்டிருப்பான்.

"நிறுத்தறதுன்னா, முழுசா நிறுத்துவீங்களா டாக்டர்?"

"முழுசாத்தான். ஒரு ஒன்றரை மணி நேரம்."

மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினான். லாட்டரி விழுந்தவன் முகம்.

அவள் விடுவாளா? "மூளை ஓடுமா டாக்டர்?"

"ஓடும்மா."

"அப்ப சாகலை."

டாக்டர் இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று ராத்திரியும் அதே பேச்சு. விடிந்து எழுந்ததும் அதே பேச்சு. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே ஓடிக்கொண்டு அதே பேச்சு. தியேட்டர் கதவருகே அவன் படுத்தபடி சொன்னான்: "இன்னும் அஞ்சு மணி நேரத்துல நான் அசல் ஜாம்பி. லிஸ்ட்ல என் பேரை எழுதிடு."

"என்னை அடையாளம் தெரியலைன்னாத்தான் நீங்க ஜாம்பி. அப்படி வந்தா வீட்டுக்குள்ளயே விடமாட்டேன், ஆமா."

அவன் சிரித்தான். கதவு சாத்திக்கொண்டது. தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை, நான் இங்கேயேதான் இருப்பேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் முகம் சுண்டிப்போய்விட்டது. "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் உள்ளே போய் ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "வேலை முடிஞ்சுது. ஆனா நிறுத்தின இதயம் உடனே கிளம்பலை. ரொம்ப நேரம் போராடினோம். இப்ப துடிக்குது. கண் முழிக்கட்டும், பார்க்கலாம்."

நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டாள். இவளுக்குக் கை எழவில்லை. உள்ளே கிடக்கிறவன் இதைக் கேட்டால் எப்படித் துள்ளுவான் என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒருவர் மட்டும், பத்து நிமிடம் என்று அனுமதி கிடைத்தது. நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினாள்.

"முழிச்சுட்டார். பேசறார். ஆனா கொஞ்சம் குழப்பமா இருக்கார். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு அப்படி இருக்கும். ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலுமா?"

"பெரும்பாலும்" என்றாள் நர்ஸ்.

அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு அவள் உள்ளே போனாள். மெக்கானிக் தலையணையில் சாய்ந்திருந்தான். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. பழக்கதோஷம், அவள் பார்வை முதலில் கண்ணுக்குத்தான் போனது. இரண்டு கண்பாவையும் ஒரே அளவு. வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கின. அவள் நடக்க நடக்கப் பின்னாலேயே வந்தன. கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கண்ணில் அவள்தான் இல்லை.

"வாங்க. எந்த மாடி போகணும்?" என்றான்.

அவள் அவன் முகத்தருகே குனிந்தாள். "நான் யாருன்னு தெரியுதா?" தினமும் நாற்பது பேரிடம் எழுத்துப் பலகையைக் காட்டிக் கேட்கிற அதே 'தெரியுதா'தான்.

"பயப்படாதீங்க. லிஃப்ட் நடுவுல நின்னுருக்கு, அவ்வளவுதான். ஆளுக்குச் சொல்லியாச்சு. கயிறு அஞ்சு இருக்குங்க, விழாது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி இவன் இப்படியேதான் என்றால்? தன் சட்டப்படி பார்த்தால் இதோ படுத்திருக்கிறான், முழு ஜாம்பி. அந்தச் சட்டம் அவளுக்கு இப்போது அருவருப்பாக இருந்தது. பதினோரு வருடமாக வாய் கிழியப் பேசினாளே, அத்தனையும் திரையில் வருகிறவன் எவனோ ஒருவன் என்கிற தைரியத்தில் பேசியது.

"நான் சொன்னது தப்பு" என்றாள். கடகடவென்று வந்தது. "ஆளைத் தெரியலைன்னா ஜாம்பின்னு சொன்னேன்ல. அது இல்லை. செத்து எழுந்தாத்தான் ஜாம்பி. நீங்க சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன். யாரைத் தெரியலைன்னாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்துடுங்க."

ஜாம்பி என்றதும் அவன் முகம் மாறியது. கொஞ்சம் நிமிர்ந்து உட்காரப் பார்த்தான், வலித்ததும் சாய்ந்துகொண்டான்.

"இல்லீங்க. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றான் மரியாதையாக. "என் வீட்டுக்காரி இதுல கெட்டிக்காரி. கண்ணு பாக்கிறவ. செத்ததுல என்ன இருக்கு, ஆளு உள்ள இருக்கானா இல்லையாங்கறதுதான் பேச்சும்பா. அவ சொல்றதுதாங்க சரி."

அவள் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அவங்ககிட்ட இதைச் சொன்னதில்லையா?"

"எதுக்குச் சொல்லணும்? ஒத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சுடும். சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சா ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசுவா. மூஞ்சி சிவந்து, கையை ஆட்டி. அதைப் பாக்கறதுக்காகத்தான் நான் செத்து எழுந்தவனையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன்."

நர்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டினாள். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவளைப் பாத்தா சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. அதைப் பார்த்து அவன் சங்கடப்பட்டான். முன்பின் தெரியாத பெண்ணை எப்படித் தேற்றுவது என்று யோசித்துவிட்டு, அழாதீங்க, இதோ லிஃப்ட் கிளம்பிடும் என்றான்.