விளிம்பில்லாத தோட்டா

என் அண்ணன் வெர்லினுக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. நவம்பரில் நன்றி விருந்தன்று, வான்கோழியில் கத்தி வைப்பதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். அவன் முறை வந்தால் "மழைக்கு" என்பான். அமெரிக்காவில் எங்கள் வயோமிங் மாநிலம் முழுக்கக் காய்ந்து கிடந்த வருடமும் அதையேதான் சொன்னான்.

அவனுடைய ரிவால்வர் அண்ணி ஐனா வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய பழைய பாணி. அதற்கு மாற்றி மாட்டிக்கொள்ள, தோட்டா போடும் உருளைகள் இரண்டு. ஒன்று வழக்கமான நீளத் தோட்டாவுக்கு, மற்றது தானியங்கித் துப்பாக்கிகளில் போடும் குட்டைத் தோட்டாவுக்கு. குட்டைத் தோட்டா மலிவு என்று அண்ணி அலைந்து பிடித்து வந்தாள். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது.

"இதுக்கு அடியில விளிம்பே இல்ல. விளிம்பு இருந்தாத்தானே அறை வாயில மாட்டி நிக்கும்? இது எதைப் பிடிச்சு நிக்கும்? அதனாலதான் இந்த மாதிரி ரிவால்வர்ல யாரும் இதைப் போடுறதில்ல," என்பான்.

"அதுக்குத்தானே உள்ள படி வெட்டின தனி உருளை குடுத்திருக்கான். உனக்கு மழையத் தவிர எது பிடிச்சிருக்கு?" என்பாள் அண்ணி.

அண்ணி இறந்து இரண்டு வருடமாகிறது. அவள் பழக்கிய பெண்குதிரை ஜூனிப்பர்தான் மிச்சம். அண்ணன் மனுஷர்களோடு பேசுவதைவிட அதனோடுதான் அதிகம் பேசுவான்.

போன அக்டோபரில் முதல் பனி விழுந்த ஒரு காலை, திறந்து கிடந்த பண்ணைக் கதவு வழியே ஜூனிப்பர் வெளியே போய்விட்டது. மாடுகள் தாண்டாமலிருக்க, பாதையில் குழி வெட்டி வரிசையாக இரும்புக் குழாய்கள் பதித்திருக்கிறோம். நாங்கள் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, குழாய்களுக்கு நடுவே பின்னங்கால் இறங்கி, உதறி ஓய்ந்து படுத்துக் கிடந்தது. எங்கும் ரத்தம். அதில் கால் விட்ட குதிரை பிழைத்து நான் பார்த்ததில்லை.

"முறிஞ்சிருச்சு," என்றான் அண்ணன். "டாக்டர் வர்ற வரைக்கும் இது துடிக்கணுமா? தலையைப் பிடிச்சுக்க."

வண்டியிலிருந்த தோட்டாக்களை எடுத்து ரிவால்வரில் போட்டான். கண் நிறையத் தண்ணீர், எதைப் போடுகிறோம் என்றே பார்க்கவில்லை. குழலை நெற்றியில் வைத்தான்.

"மன்னிச்சுக்க, பொண்ணே."

டக். வெறும் சத்தம். மறுபடி இழுத்தான். டக். மூன்றாவது முறையும் டக். ஜூனிப்பர் காதை மட்டும் அசைத்தது.

துப்பாக்கியை நிமிர்த்திப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உருளையை ஒவ்வொரு அறையாகத் திருப்பினான். அண்ணி வாங்கி வைத்திருந்த குட்டைத் தோட்டாக்கள் ஒன்றொன்றாக வழுக்கி அவன் கையில் விழுந்தன. வேட்டைப் பருவத்துக்காக முந்தின நாள்தான் நீள உருளையை மாட்டியிருந்தான். பிடித்து நிற்க விளிம்பில்லாமல் எல்லாம் உள்ளே ஆழமாக இறங்கிவிட்டன. சுத்தியல் எட்டவேயில்லை.

"நீளத் தோட்டா வீட்டுல இருக்கு," என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்பதையே மறந்து நடந்தான்.

எனக்குச் சும்மா நிற்க வராது. மேல்கோட்டைக் கழற்றி ஜூனிப்பரின் கண்ணை மூடினேன். வண்டியின் ஜாக்கியைக் குழாய்களுக்கு நடுவே படுக்க வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதன் கைப்பிடியை மிதித்தேன். துருப்பிடித்த குழாய் முனகிக்கொண்டே வளைந்தது. ஜூனிப்பர் தானே காலை உருவிக்கொண்டு, தடுமாறி எழுந்தது. அந்தக் காலைத் தரையில் ஊன்றியது. தோல் கிழிந்து தொங்கியதே தவிர, எலும்புக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் திரும்பி வந்தபோது அது நின்றுகொண்டு என் தொப்பியை மென்றுகொண்டிருந்தது.

"என்னண்ணே, சுடப் போறியா, இல்ல கட்டுப்போடத் துணி கொண்டு வரப் போறியா?"

அவன் அப்படியே பனியில் உட்கார்ந்து அழுதான். நானும்தான்.

டாக்டர் தையல் போட்டார். அடுத்த மாதம் விருந்தன்று அண்ணன் முறை வந்தது. எல்லோரும் மழைக்காகக் காத்திருந்தோம்.

"ஐனாவுக்கு," என்றான். "நான் திட்டித் தீத்த அந்தத் தோட்டாவுக்கு. மூணு தடவை சுட்டேன். மூணு தடவையும் அவ விடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினேன். மழையை அந்த வருடம் அவன் மறந்தே போனான்.