பெரட்டுக் களத்துப் பலகை

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் அந்தப் பலகை நின்றது. கோயில், கல்யாணம், சாவு, தண்ணீர் என்று தலைப்புகளைப் பெயிண்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அட்டை செருகத் தகரச் சட்டம் அடித்திருந்தார்கள். தலைப்பு மாறாது, அட்டைதான் மாறும். மாற்றுகிறவள் நவமணி. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுச் சாயங்காலம் அட்டை எழுதுவாள். ஆனால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் பார்த்துத் தலையாட்டினால்தான் எதுவும் பலகையில் ஏறும். தோட்டத்தை நடத்தும் துரை போட்ட உத்தரவு அது.

எழுபத்தொன்பதாம் வருஷ மழையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தியெடுத்தார்கள். நவமணியின் மகள் சீதா சுருண்டு கிடந்தாள். லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையில், மேலே, பூச்சிமருந்து டின்களை அலசுவதை நவமணி கண்ணால் பார்த்தாள். ‘ஓடையில் மருந்து டின் கழுவுகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ என்று எழுதி, யாரிடமும் காட்டாமல் செருகிவிட்டாள்.

விடிவதற்குள் கிராணி அதை உருவிவிட்டார். பதற்றத்தில் வேறு அட்டை வைக்க அவருக்குத் தோன்றவில்லை. ‘தண்ணீர்’ என்ற தலைப்பின் கீழே சட்டம் வெறுமனே பல்லிளித்தது. தண்ணீரில் என்ன, ஏன் எடுத்தார்கள் என்று பெரட்டில் ஒரே பேச்சு. அட்டை இருந்திருந்தால் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நவமணி எல்லாருக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் தலைக்கேறியது.

மதியச் சாப்பாட்டு வேளையில் பழைய பெட்டி அட்டைகளைக் கிழித்து, அதே வாசகத்தைக் கரியால் எழுதினாள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வரிசையாக நின்ற பெண்கள் முதுகிலிருந்த கூடைதோறும் ஓர் அட்டை தொங்கியது.

“கழட்டுங்கம்மா,” என்றார் கிராணி.

“கழட்ட மாட்டோம் லா. நீங்க நிறுக்கவும் வேணாம்,” என்றாள் முன்னால் நின்ற வடிவம்மாள்.

யாரும் கூடையை இறக்கவில்லை. பறித்த கொழுந்து கூடைக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஆலைக்கு உதவாது. துரை ஜீப்பில் வந்து இறங்கி, கூடை கூடையாகப் படித்துக்கொண்டே நடந்தார்.

“நாளைக்குப் பாக்கலாம்,” என்றார்.

“நாளைக்கு வரைக்கும் பிள்ளைங்க என்னத்தக் குடிக்கும் தொரை?” என்றாள் நவமணி.

துரை கொழுந்தைப் பார்த்தார். மருந்து டின்களையெல்லாம் அப்போதே லோரியில் ஏற்றி, லயத்துக்குக் கீழே, ஓடை குழாயைத் தாண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவச் சொன்னார். லோரி போவதைப் பார்த்த பிறகுதான் கூடைகள் இறங்கின. நவமணியின் கூடை மட்டும் முதுகிலேயே இருந்தது.

“இனிமே கிராணிகிட்டக் காட்டிட்டுத்தான் செருகணும், தெரிஞ்சுதா?” என்றார் துரை.

“காட்ட மாட்டேன் தொரை. அட்டைக்கு அடியில என் பேரப் போடறேன். தப்பா எழுதினா என்னை வேலைய விட்டு நிறுத்துங்க.”

சொல்லி முடித்துத்தான் கூடையை இறக்கினாள்.