பன்னிரண்டு பேர், தலைக்கு எழுபத்தைந்து கிலோ

தென்காசியில் கடல் கிடையாது. இது நம்பிராஜனுக்கும் தெரியும். முப்பத்துநாலு வருஷம் போலீசில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஊருக்குள் ஒரு கடல் இருந்து அது அவர் கண்ணில் படாமல் போயிருக்க வழியில்லை. இருந்தாலும் ஆலப்புழைக்குப் போய் ஒரு படகை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டார்.

புளியறை செக்போஸ்ட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த போலீஸ்காரர், "எங்க போகுது அண்ணாச்சி?" என்றார்.

"குத்தாலத்துக்கு."

"அங்கன தண்ணி மேல இருந்துல்லா விழுது. எதுத்து ஏறிருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

ஐந்தருவி ரோட்டில் அவருடைய மைத்துனரின் தென்னந்தோப்புக்குள் நல்ல ஆழமான குளம் ஒன்று உண்டு. சாரல் சீசனில் வருகிற கூட்டத்தை அதில் படகேற்றிச் சுற்றிக் காட்டுவது திட்டம். ஆனால் தண்ணீரில் இறக்குமுன் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். கப்பல்களைச் சோதித்துச் சான்று தருகிற தேசியக் கழகம் ஒன்று இருக்கிறது. கச்சா எண்ணெய் ஏற்றி அரபிக்கடல் தாண்டுகிற கப்பலுக்கும் அவர்கள்தான், பன்னிரண்டு பேர் உட்காருகிற நம்பிராஜன் படகுக்கும் அவர்கள்தான்.

மனுப் போட்டு எட்டு மாதம் படகு வீட்டு வாசலிலேயே நின்றது. எதிர்வீட்டுக் கோழி அதில் மூன்று ஈடு குஞ்சு பொரித்தது. கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அதையும் ஒரு வீடு என்று நினைத்து நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவர் மனைவி உமாராணி ஒரு நாள் சொன்னாள்: "இந்த சீசனுக்கு இது தண்ணியில இறங்கலன்னா, வைக்கோல அடைச்சிருவேன். பெறகு என்னய கேக்கப்பிடாது." உமாராணி சொன்னதைச் செய்கிறவள்.

அந்த வாரமே கழகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை சர்வேயர் வருவார். சாய்வுச் சோதனைக்காகப் பன்னிரண்டு பயணிகளின் எடைக்கு நிகரான பாரம், தலைக்கு எழுபத்தைந்து கிலோ வீதம், தயாராக இருக்கட்டும். அன்று முடியாவிட்டால் அடுத்த தேதி ஐப்பசியில்தான். ஐப்பசியில் குற்றாலத்தில் குரங்குகளைத் தவிர வேறு பயணி கிடையாது.

நம்பிராஜன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சர்வீசில் அவர் எத்தனையோ பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார். உயரம் தெரியும், மச்சம் தெரியும், ஊர் தெரியும். எடையை மட்டும் வைத்து ஆள் பிடிப்பது இதுதான் முதல் தடவை. வீட்டு அறையில் இருந்த நெல் எடை போடும் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வடகரையில் நான்கு பேர் சிக்கினார்கள். வாசுதேவநல்லூரில் மூன்று. எழுபத்து மூன்றரை இருந்த கோமதிசங்கர் என்ற வங்கிக் காசாளரை, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணரை ஏத்திருதேன் அண்ணாச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி விட்டார். புளியறையில் பரோட்டா மாஸ்டர் அய்யாக்குட்டி மெஷினில் ஏறியதும் முள் எழுபத்தைந்தில் குத்திட்டு நின்றது.

"ஏலே, திங்கக்கெழம வரைக்கும் இப்பிடியே இருக்கணும்."

"ஆணி அடிச்சா வைக்க முடியும், அண்ணாச்சி? அடுப்புப் பக்கம் நின்னா எறங்கும், சால்னாப் பக்கம் நின்னா ஏறும்."

"ரெண்டுக்கும் நடுவுல நில்லு."

திங்கட்கிழமை காலை படகும் பன்னிரண்டு பேரும் குளக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சர்வேயர் வரப் பதினொரு மணியாகும் என்று போன் வந்தது. குற்றாலத்தில், சாரல் நாளில், மூன்று மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? எண்ணெய் தேய்த்துக்கொள்வான். பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குப்புறப் படுத்துத் மசாஜ்காரர்களைத் தலை முதல் கால் வரை தேய்த்துவிடச் சொல்லி, பளபளவென்று மெயின் அருவிக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் கூடிவிட்டது, அருவிக்கு முன்னால் இருக்கிற ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை. போன எண்ணெயோடு அப்படியே குளத்துக்குத் திரும்பினார்கள்.

சர்வேயர் ஷெர்லின் தூத்துக்குடிக்காரி. முப்பது வயசிருக்கும். சுத்தியலால் படகின் அடியை முழம் முழமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மிதவைச் சட்டைகளை எண்ணினார். படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னார். கூரையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே ஸ்கேலைப் பொருத்தி, இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டார்.

"அண்ணாச்சி, குண்டு இந்தக் கோட்டத் தாண்டிச்சுன்னா சர்டிபிகேட் கெடையாது. பாரம் எங்க?"

நம்பிராஜன் கையைத் தட்டினார். பன்னிரண்டு பேரும் மிதவைச் சட்டையும் எண்ணெய் ஊறின ட்ரவுசருமாகப் படகில் ஏறினார்கள். நாலு குறுக்குப் பலகை, பலகைக்கு மூன்று பேர். சர்வேயர் பார்த்தால் கண் கூசட்டும் என்று அந்தப் பலகைகளுக்கு நம்பிராஜன் தன் கையாலேயே இரண்டு கோட் வார்னிஷ் அடித்திருந்தார்.

"இடது ஓரத்துல இருக்கவங்க ஒவ்வொருத்தரா வலப்பக்கம் மாறுங்க" என்றார் ஷெர்லின்.

அய்யாக்குட்டி மாறினார். குண்டு விரற்கடை நகர்ந்தது. ஷெர்லின் குறித்துக்கொண்டார். அடுத்து கோமதிசங்கர் எழுந்தார். படகு லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். எண்ணெயும் வார்னிஷும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. முதல் பலகையில் இருந்த மூவரும், சாமி புறப்பாடு மாதிரி உட்கார்ந்த வாக்கிலேயே, வலப்பக்கம் நகர்ந்தார்கள். அதனால் படகு இன்னும் சாய்ந்தது. இரண்டாம் பலகை கிளம்பியது. பிறகு மூன்றும் நாலும். ஒருவரை ஒருவர் பிடித்தார்கள். பிடித்த இடமெல்லாம் வழுக்கியது.

"என்னய விடும்வே, நீரு என் மேலதான் இருக்கீரு."

"நான் எங்கவே இருக்கேன், போய்க்கிட்டுல்லா இருக்கேன்."

தொள்ளாயிரம் கிலோவும் வலப்பக்கக் கைப்பிடியில் போய் அப்பிக்கொண்டது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு ஜாண் கீழே நின்றது. கரையில் நின்ற நம்பிராஜன் கண்ணுக்கு வைக்கோல் தெரிந்தது. கட்டுக் கட்டாகத் தெரிந்தது. படகுக் கூரையின் தூணைக் கட்டிக்கொண்டிருந்த ஷெர்லின் குண்டை மட்டுமே பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நெல் அகலம் இருக்கும்போது நின்றது. நின்று, ஆடி, அங்கேயே இருந்தது.

ஷெர்லின் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகத் துண்டைப் போட்டுப் பிடித்து இழுத்துக் கரையேற்ற அரை மணி நேரமானது.

"அண்ணாச்சி, கடைசிச் சோதனையே எல்லாரையும் ஒரே பக்கம் போகச் சொல்லுறதுதான்" என்றார் ஷெர்லின். "ஒம்பது வருஷமா சொல்லுதேன், ஒருத்தரும் ஒழுங்காப் போனதில்ல. பயத்துல ஒரு காலு இந்தப் பக்கம் ஊனியிருக்கும். இன்னைக்குத்தான் ஒரு ஆளு மிச்சமில்லாம போனாங்க. படகு பாஸ்."

நம்பிராஜன் சல்யூட் அடித்துவிட்டார். பழக்கம்.

"ஆனா அந்தப் பலகை வழுக்கப்பிடாது. நாலு மணிக்கு நான் கெளம்புதேன். அதுக்குள்ள ஏதாவது அடிச்சுக் காட்டினா சர்டிபிகேட். இல்லன்னா ஐப்பசி."

போன் போட்ட இருபதாவது நிமிஷம் உமாராணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் கையில் ஒரு கட்டுக் காலிச் சாக்கு. அதைப் பிரித்துப் பலகைகளில் இழுத்து ஆணி அடித்தார்கள். அய்யாக்குட்டி உட்கார்ந்து பார்த்தார். கோந்து போட்டு ஒட்டின மாதிரி இருந்தார்.

ஷெர்லின் குனிந்து சாக்கில் இருந்த எழுத்தைப் படித்தார். நெல். நிகர எடை எழுபத்தைந்து கிலோ.

"இந்த மூட்ட வீட்டுல எத்தன இருக்கு?"

"நாப்பது கெடக்கும்" என்றாள் உமாராணி. "நாலு மூட்டைய குதிருல தட்டிட்டுத்தான் இந்தச் சாக்க எடுத்துட்டு வாரேன்."

ஷெர்லின் நம்பிராஜனைப் பார்த்தார். உமாராணியும் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். அதில் கோமதிசங்கர், பாவம், ஒன்றரைக் கிலோவுக்காக ஒரு வாரம் மூன்று வேளையும் பரோட்டா தின்றவர்.

"பன்னெண்டு மூட்டைய ஏத்தியிருந்தா போதுமே அண்ணாச்சி. ஆளு எதுக்கு?" என்றார் ஷெர்லின்.

நம்பிராஜன் சர்டிபிகேட்டை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"மூட்டைக்கு வாய் கெடையாதே மேடம். நாளப்பின்ன ஒண்ணுன்னா யாரு சாட்சி சொல்லுவா?"