பின் சீட்டின் எடை

...இந்தப் பக்கம் திருப்பினால் கழல வேண்டுமா, அந்தப் பக்கமா, காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டால் எல்லாமே மாறிப்போகிறது, சாக்கை விரித்தும் முதுகில் ஒரு கல் குத்துகிறது, எடுத்துப் போடலாம், போடவில்லை, அவர் முதுகில் குத்துவதை நினைத்தால் இதுவும் ஒரு வலியா... போல்ட் அசைய மாட்டேன் என்கிறது. துருப் பிடித்து, சேறு பிடித்து, இத்தனை வருஷம் எங்களைச் சுமந்த கோபமும் சேர்ந்து பிடித்து உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டாயிற்று, சுத்தியலால் தட்டியாயிற்று, திட்டியும் ஆயிற்று. தலைக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டில், கட்டிலில் அவர். "மேஸ்திரி, ஸ்பேனர் முழுசா உள்ள போகல. வழுக்குது பாரு" என்கிறார். இன்றைக்கு நான் மேஸ்திரியாம். பார்க்காமலே எப்படித்தான் தெரிகிறதோ இந்த மனுஷனுக்கு, எல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும், கல்யாணமான புதிதில் சமையலறையில் நான் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்டே "இன்னிக்கு என்ன தப்பு பண்ணேன்?" என்று வந்து நிற்பார். இப்போது வந்து நிற்க முடியாது. காற்றே இல்லாத மத்தியானம், ஜன்னல் திரை ஆணியடித்த மாதிரி தொங்குகிறது, அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது, குரலுக்கு மட்டும் இன்னும் எதுவும் ஆகவில்லை.

வியாதி முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை, அந்தச் சாலையில்தான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பள்ளம், பள்ளம் இல்லாத இடத்தில் வேகத்தடை, பின் சீட்டில் தலையணை வைத்து அவரைப் படுக்கவைத்து நான் ஓட்டினேன், ஓட்டினேனா, உருட்டினேன், பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான், அவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்ல முடியாது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கார் ஏறி இறங்கி, இறங்கிய பிறகும் நிற்காமல் ஆடியது, அவர் கத்தவில்லை, துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார், கண்ணாடியில் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். திரும்பி வந்து இறக்கும்போது "இனிமே இந்த ரோட்டுல என்னால வர முடியாதும்மா" என்றார். நாளைக்கு மறுபடி போக வேண்டும். போகாவிட்டால்...? கேட்டதற்கு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனார் போனில் ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளேன் என்கிறாள், அவள் அதில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சாலையை நான் செப்பனிட முடியுமா? காரைத்தானே முடியும்? "பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு, மாத்தினா ஆட்டம் நிக்குமாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நிக்கும், மாத்திடுவோம்" என்றார். மாற்றிடுவோம் என்றால் வருகிறேன் என்றுதானே அர்த்தம்? வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? மெக்கானிக்கிடம் விடுகிறேன் என்றதற்குத்தான் சம்மதிக்கவில்லை, "சாமானை மட்டும் வாங்கிட்டு வா, நீயே மாத்து, நான் சொல்றேன்" என்றார். அன்று நான் சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டாரே, அது போதாதா.

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும், ஸ்பேனர் பிடியில ஒரு குழாயைச் சொருகி இழு" என்கிறார், சொருகி இழுக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கடித்த துண்டை நினைத்துக்கொண்டு இழுக்கிறேன், கிறீச்சென்று ஒரு சத்தம், நான் வாய் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து "ஆ, வந்துடுச்சு!" என்கிறது குரல். டிக்கிக்குள் குனிந்து மேல் நட்டையும் கழற்றினேன், பழைய ஷாக் கையோடு வந்துவிட்டது, உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்த கறுப்பு. தரையில் நிறுத்தி அமுக்கிப் பார்த்தேன், போனது போனதுதான், மேலே எழும்பவே இல்லை. புதியதை அமுக்கினேன், மெதுவாக, யாரோ உள்ளிருந்து மூச்சு இழுக்கிற மாதிரி தானாக எழுந்தது, மறுபடி அமுக்கினேன், மறுபடி எழுந்தது, பைத்தியக்காரி மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன், அழுகை வந்தது, அழுதேன், சத்தம் வராமல் அழ இந்த வருஷம் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வியாதி வந்தது முதல் இந்த வருஷம் பாடமாகத்தான் போகிறது, போன மாதம் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லிக்கொடுத்தார், அதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டை, அப்புறம் மோட்டாரில் காற்று அடைத்தால் என்ன செய்வது, படுத்தே கிடக்கிறவருக்குப் பொழுது போகவில்லை, போகட்டும் என்று நானும் தலையாட்டிக்கொண்டு செய்தேன். இரண்டாவது பக்கம் அவ்வளவு பாடுபடுத்தவில்லை. "பாத்தியா, சித்திரமும் கைப்பழக்கம்" என்றார். கீழ் போல்ட்டை இறுக்கப் போனபோதுதான் அதட்டினார், "இப்ப இறுக்காத! கையால மட்டும் விடு. வண்டி தொங்கும்போது இறுக்கினா உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். கீழ எறக்கி, சக்கரத்துல நின்னப்புறம், வழக்கமா என்ன பாரம் இருக்குமோ அந்தப் பாரத்தோட இறுக்கணும்."

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கார் தன் காலில் நிற்கிறது. வழக்கமான பாரம் என்றாரே, அளவு என்றால் எனக்கு அளவுதான், தையல் கூடத்தில் துணி வெட்டுகிற கை இது, ஒரு நூல் பிசகினாலும் சட்டை கோணிவிடும். வாசலில் தண்ணீர் கேன் இரண்டு நிறைந்து நிற்கிறது. இரண்டையும் பின் சீட்டில் வைத்தால் சரியாக அவர் எடை, திருப்பிப் படுக்கவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா, ஒரு காலத்தில் நாலு கேன் இருந்த மனுஷன்... "ஏங்க, பின் சீட்ல தண்ணி கேன் ரெண்டு வச்சு இறுக்கவா? நீங்க படுத்திருக்கற கணக்குக்கு?" தூங்கிவிட்டாரோ என்று எழுந்திருக்கப் போனேன். "வேண்டாம்மா" என்றார். "நீ மட்டும் ஓட்டுற கணக்குக்கு இறுக்கு."

நான் மட்டும்... ஸ்பேனர் கையிலேயே இருக்கிறது. குழாய், ஃபியூஸ், மோட்டார், மெக்கானிக் வேண்டாம் நீயே மாத்து... பொழுது போகாமலா சொல்லிக்கொடுத்தார்? மாற்றிடுவோம் என்றபோது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிவு செய்ததா, அதற்கும் முன்னாலேயா? நாளைக்காக நான் மாற்றினேன், நாளைக்கு அப்புறம் வருகிற நாட்களுக்காக அவர் மாற்றவைத்தார், ஒரே போல்ட்டுக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்றிருக்கிறோம். கோபம் வருகிறது, போய்க் கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால்? கேட்காதவரை நாளை என்பது நாளையாகவே இருக்கும். எழுந்து போய் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன், பின் கதவை மெல்லத் திறந்து, தலையணை வைக்கிற இடத்தில் வைத்தேன், இன்னொன்றையும் கொண்டுவந்து வைத்தேன், கதவைச் சாத்தினேன், எவ்வளவு மெதுவாகச் சாத்தினாலும் அந்தக் கதவு 'டப்' என்றுதான் சாத்தும்.

"என்னம்மா, கதவு சத்தம்?"

"காத்துங்க."

சாக்கில் படுத்து ஸ்பேனரை போல்ட்டில் வைத்துவிட்டேன், இந்த முறை முழுசாக உள்ளே போயிருக்கிறது. ஜன்னல் திரை அப்படியே தொங்குகிறது, ஒரு இழை அசையவில்லை, அவர் கண்ணுக்கு நேரே தொங்குகிறது. ஏதாவது சொல்வார், பொய் சொல்லாதே என்றாவது, எடுத்துவிடு என்றாவது, நான் இன்னும் இறுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.